விசேட படையணி அதிகாரியாகும் ஆசை: வன்னியில் ஆயத்தமாகும்போது விடப்படும் தவறுகள்

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு பைக்குள் செங்கல்லை அடுக்கி முதுகில் போட்டுக்கொண்டு குளக்கட்டில் ஓடுவது. பலருடைய ஆயத்தம் இப்படித்தான் தொடங்குகிறது. நான்காவது கிழமை நொண்டிக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். ஆசையில் குறையில்லை, அவசரத்தில்தான் குறை.

முதலில் படிகளை விளங்கிக்கொள்ள வேண்டும். இலங்கை இராணுவத்தின் விசேட படையணிக்கு நேரே விண்ணப்பித்து யாரும் அதிகாரியாவதில்லை. இராணுவத்தின் பயிலிளவல் அதிகாரியாக, அதாவது அதிகாரிப் பதவிக்குப் பயிற்சி பெறுபவராகத் தெரிவாகி, தியத்தலாவையில் உள்ள இராணுவப் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி முடித்து அதிகாரியாக வெளியேற வேண்டும். மாதுறு ஓயாவில் நடக்கும் விசேட படையணியின் கடும் பயிற்சி அதற்குப் பிறகு வருவது. கொமாண்டோ படையணி வேறு, அதன் பயிற்சிப் பாடசாலை ஊவா குடாஓயாவில் இருக்கிறது. பலரும் இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் விசேட அதிரடிப்படை இராணுவமே அல்ல. 1984 இல் உருவாக்கப்பட்ட பொலிஸ் பிரிவு அது. அதற்கான வழி பொலிஸ் ஆட்சேர்ப்பு. இரத்மலானையில் உள்ள கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் இதே குழப்பம்தான். அங்கே பயிலிளவல் அதிகாரியாகச் சேர்வது ஒன்று, கட்டணம் செலுத்திப் படிக்கும் சிவில் மாணவராகச் சேர்வது இன்னொன்று. இரண்டாவது வழியில் போனால் பட்டம் கிடைக்கும், படைப் பதவி கிடைக்காது.

ஆக, முன்னால் நிற்கும் தடை நாற்பது கிலோமீற்றர் சுமை நடை அல்ல. உயர்தரப் பெறுபேறு, மருத்துவப் பரிசோதனை, அடிப்படை உடற்தகுதி, நேர்முகம் இவைதான். வயது, உயரம், ஓட வேண்டிய தூரம், நேரம் எல்லாம் அந்தந்த ஆண்டு விளம்பரத்தில் இருக்கும். போன வருடம் அண்ணன் சொன்ன கணக்கை நம்பி ஆயத்தப்படுத்தாமல் புது விளம்பரத்தை வரிக்கு வரி வாசியுங்கள்.

ஓட்டமும் எலும்பும்

ஓடத் தொடங்கிய இரண்டு மூன்று கிழமைக்குள் மூச்சு பழகிவிடும், தசையும் ஓரளவு ஈடுகொடுக்கும். எலும்பு அப்படியல்ல. புதிய பாரம் விழும்போது உடல் முதலில் பழைய எலும்பைக் கரைத்து, பிறகுதான் புதிதைக் கட்டுகிறது. இடைப்பட்ட காலத்தில், ஏறத்தாழ மூன்றாம் கிழமையிலிருந்து எட்டாம் கிழமை வரை, எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். மூச்சு வாங்கவில்லை என்று தூரத்தைக் கூட்டுவதும் அதே காலத்தில்தான். விளைவு, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் மயிர்போன்ற வெடிப்பு.

சாதாரண நோவையும் வெடிப்பையும் வேறுபடுத்த ஒரு வழி உண்டு. எலும்பின் நீளத்துக்குப் பரவலாக நொந்து, ஓடி உடல் சூடானதும் குறைந்தால் பெரும்பாலும் அழற்சி. ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஓர் இடத்தில் மட்டும் சுள்ளென்று நொந்து, ஓட ஓடக் கூடி, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால் வெடிப்பைச் சந்தேகிக்க வேண்டும். அந்தக் காலால் ஒற்றைக் காலில் துள்ள முடியாது. முதல் சில கிழமைகளில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகலாம், அதை வைத்து மீண்டும் ஓடக்கூடாது. ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை ஓட்டம் நிறுத்தம், அவ்வளவுதான். அந்த நாட்களில் வைத்தியர் அனுமதித்தால் சைக்கிள் மிதிக்கலாம், நீந்தலாம்.

தவிர்க்கும் வழி சலிப்பானது. கிழமைக்கு நான்கு நாள் ஓட்டம், மொத்தத் தூரத்தைக் கிழமைக்குப் பத்து வீதத்துக்கு மேல் கூட்டாமை, நான்காவது கிழமை மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தல். நான்கில் மூன்று நாள் பக்கத்தில் வருபவரோடு கதைத்துக்கொண்டு ஓடக்கூடிய வேகம் போதும். ஒரு நாள் மட்டும் வேகம்: 400 மீற்றர் ஆறு தடவை, இடையில் தொண்ணூறு விநாடி நடை. ஒவ்வொரு நாளும் நேரம் பார்த்து உயிரைக் கொடுத்து ஓடுபவருக்கு வேகமும் கூடாது, காலும் தாங்காது. தார் வீதியைவிடக் கிரவல் ஒழுங்கை மெத்தென்று இருக்கும், ஆனால் உருளும் கல்லில் கணுக்கால் மடங்கும். வெறுங்காலோடு பள்ளிக்கூட மைதானத்தில் ஓடிப் பழகியவர்கள் தடித்த சப்பாத்துக்கு மாறும்போதும் மெல்ல மெல்லவே மாற வேண்டும்.

சுமை

செங்கல் பை ஏன் கூடாது? பாரம் பையின் அடியில் விழுந்து, முதுகை விட்டு விலகித் தொங்கி, இடுப்பைப் பின்னால் இழுக்கிறது. ஆள் முன்னால் வளைந்து நடப்பார், நாரி பிடிக்கும். அரிசியையோ மணலையோ இரட்டைச் சொப்பின் பையில் கட்டி, பழைய துவாயால் சுற்றி, தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகோடு ஒட்டி வரும்படி வையுங்கள். அடியில் உடுப்பை அடைத்து உயர்த்தினால் சரியாக வரும்.

தொடக்கம் உடல் நிறையில் பத்தில் ஒன்று. அறுபது கிலோ ஆளுக்கு ஆறு கிலோ, நான்கு கிலோமீற்றர், கிழமைக்கு ஒரு தடவை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒன்றில் ஒரு கிலோ கூட்டலாம், அல்லது ஒரு கிலோமீற்றர் கூட்டலாம். இரண்டையும் சேர்த்துக் கூட்டக்கூடாது. வீட்டிலிருந்து ஆயத்தமாகும் ஒருவருக்கு உடல் நிறையின் கால் பங்குக்கு மேல் தேவையே இல்லை. சுமையோடு ஓட வேண்டாம், விரைவாக நடந்தால் போதும்.

புதுச் சப்பாத்தை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரலகலம் இடம் இருக்க வேண்டும். நடக்கும்போது ஓரிடம் சூடாக உரசத் தொடங்கினால் “இன்னும் கொஞ்சத் தூரம்தானே” என்று இழுக்காமல் உடனே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள். கொப்புளம் வந்துவிட்டால் மேல்தோலை உரிக்காதீர்கள், அந்தத் தோல்தான் அதற்கு மருந்து. மாரியில் விரல் இடுக்குகளைத் துடைத்து உலர வைக்காதவர்களுக்குச் சேற்றுப்புண் எளிதில் வரும்.

வெயிலும் வலி மாத்திரையும்

சோளகம் அடிக்கும் மாதங்களில் மத்தியான வெயிலில் ஓடினால்தான் உரம் ஏறும் என்ற எண்ணம் ஆபத்தானது. உடல் வெப்பத்துக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும். முதல் நாள் இருபது நிமிட நடை, பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஓடும் முன்னும் பின்னும் நிறை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் வியர்வை போயிருக்கிறது. பயத்தில் வெறும் தண்ணீரை லீற்றர் லீற்றராகக் குடிப்பதும் பிழை, இரத்தத்தில் உப்பு ஐதாகி மயக்கமும் வலிப்பும் வரும். ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயிற்சியில் ஜீவனி என்னும் உப்புச் சர்க்கரைத் தூளைப் பொதியில் உள்ள அளவுப்படி கரைத்துக் குடிக்கலாம்.

கூட ஓடுபவர் கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் சொன்னால், தள்ளாடினால், அது களைப்பு அல்ல. நிழலுக்கு இழுத்து, மேல்சட்டையைக் கழற்றி, கிணற்று நீரை உடல் முழுதும் ஊற்றி விசிறுங்கள். மற்றவர் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்கட்டும். குளிர்விப்பது முதலில், வண்டியில் ஏற்றுவது பிறகு.

எல்லாவற்றிலும் மோசமானது, நோவை மறைக்க டைக்குளோபினாக், ஐபுபுரூபன் போட்டுக்கொண்டு ஓடுவது. உடலில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் இவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கின்றன. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படும் மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று, இங்கே அந்த விளையாட்டு வேண்டாம். யாரோ சவால் விட்டதற்காக ஒரே நாளில் ஐந்நூறு தோப்புக்கரணம் போட்டு, மறுநாள் சிறுநீர் தேயிலைச் சாயம்போல் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நித்திரை முழித்துப் பழகுவதையும் விட்டுவிடுங்கள். நித்திரையின்மைக்கு உடலைப் பழக்க முடியாது, காயம் ஆற வேண்டிய நேரம்தான் வீணாகும்.

குளம், காடு

குளத்தில் நீந்தப் பழகியவர்களுக்கு நீச்சலில் பயம் இருக்காது, அதுவே சிக்கல். தண்ணீர் திறந்திருக்கும்போது துருசுக்கு (மதகுக்கு) அருகே போனால் உறிஞ்சி இழுக்கும். குளம் நிரம்பி வான் பாயும் நாட்களில் அலைகரைப் பக்கமே வேண்டாம். வேகமாகப் பலமுறை மூச்சிழுத்துவிட்டு நீருக்கடியில் மூச்சடக்கிப் பழகுவது உயிர் குடிக்கும் பழக்கம். மூச்சுத் திணறல் தெரியும் முன்னரே நினைவு தப்பிவிடும். கரையில் ஓர் ஆள் இல்லாமல் இறங்காதீர்கள்.

வரைபடமும் திசையறி கருவியும் பழகக் காட்டுக்குள் இறங்குவது வேறு எந்த ஊரிலும் பயிற்சி. இங்கே அப்படி இல்லை. முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்காக நடந்துவருகிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை மழையில் விழுந்திருக்கலாம், பற்றைக்குள் மறைந்திருக்கலாம். பலகை இல்லை என்பதற்காக நிலம் சுத்தம் என்று கொள்ள முடியாது. பன்றிக்குக் கட்டிய கட்டுத்துவக்கும், விடியற்புறம் வீதி கடக்கும் யானையும் சேர்ந்த காடு இது. நிலஅளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தை வாங்கி, ஊர்ச் சனம் தினமும் புழங்கும் குளக்கட்டிலும் வயல் வீதியிலும் பழகினாலே போதும். நடந்த தூரத்தைக் கணிக்க, நூறு மீற்றரை அளந்து நடந்து, இடக்கால் எத்தனை தடவை விழுகிறது என்று எண்ணி வையுங்கள். சுமையோடும் சுமையில்லாமலும் எண்ணிக்கை மாறும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த காலடி பார்த்துத் திரும்பி, பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள்.

நேர்முகத்துக்கு முன்

பயிற்சி நிலத்தின் அன்றாட மொழி சிங்களம். பாடங்களில் ஆங்கிலமும் வரும். பத்துச் சொல் பாடமாக்கி நேர்முகத்துக்குப் போவதைவிட, ஓராண்டு முன்பே நாளுக்கு அரை மணி சிங்களச் செய்தி கேட்டு, கேட்டதை இரண்டு நிமிடம் திருப்பிச் சொல்லிப் பழகுவது பயன் தரும். சொந்த மாவட்டத்தைப் பற்றிக் கேட்டால் விழிப்பதும் நடக்கிறது. இரணைமடுக் குளத்துக்கு நீர் தருவது கனகராயன் ஆறு என்பதைக்கூடச் சொல்லத் தெரியாவிட்டால் மற்றக் கேள்விகளுக்குத் துணிவு வராது.

வீட்டாருக்குச் சொல்லாமல் விண்ணப்பிப்பவர்கள் உண்டு. காணாமற்போன ஒருவரின் படம் சுவரில் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு எளிதல்ல. அதற்காகத் தள்ளிப்போட்டால் நேர்முகத்துக்கு முதல்நாள் இரவு அது சண்டையாக வெடிக்கும். ஆறுதலாக, நேரத்தோடு கதையுங்கள். அவர்கள் மறுத்தால் அந்த மறுப்புக்கும் காரணம் இருக்கிறது.

மருத்துவத்தில் தள்ளுபடியாகும் பல விடயங்களை முன்பே தெரிந்துகொள்ளலாம். சொத்தைப் பல்லை அடைக்கலாம். நாளப்புடைப்புக்கும் குடலிறக்கத்துக்கும் வைத்தியரிடம் வழி கேட்கலாம். நிறக்குருட்டை மாற்ற முடியாது. அதை ஆஸ்பத்திரிக் கண் சிகிச்சை நிலையத்தில் முதல் மாதமே பார்த்துவிட்டால் வீண் உழைப்பைத் தவிர்க்கலாம்.

கடைசியாகக் கடதாசிகள். போர்க்காலத்தில், இடப்பெயர்வுக்கு நடுவே பிறந்தவர்களுக்குப் பிறப்புப் பதிவு பிந்தியிருக்கலாம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்து வித்தியாசம், பரீட்சைச் சான்றிதழில் முதலெழுத்து வேறு என்று இருக்கலாம். மூன்றையும் பக்கத்தில் வைத்து ஆங்கில எழுத்துக்கூட்டல் உட்பட ஒப்பிடுங்கள். திருத்தம் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் தொடங்கும், மாதக்கணக்கும் எடுக்கும். ஆகவே விளம்பரம் வந்த பிறகு ஓடாமல் உயர்தரப் பரீட்சைக்கு முன்பே தொடங்குங்கள். “உள்ளே ஆள் இருக்கு, இவ்வளவு தந்தால் இடம் எடுத்துத் தாறன்” என்று யாராவது வந்தால் காசையும் கொடுக்காதீர்கள், சான்றிதழ்களின் மூலப்பிரதியையும் கொடுக்காதீர்கள்.