பழைய டோப்போ ஷீட்டை வைத்து ஏரிக்கரை ஊரின் வரலாற்றைத் தேடுவது எப்படி?

ஏரிக்கரை ஊர் ஒன்றின் பழைய டோப்போ ஷீட்டை, அதாவது மேடு பள்ளம், தண்ணீர், சாலை, கட்டடம் எல்லாவற்றையும் அளந்து காட்டும் வரைபடத் தாளை, முதன்முதலாக விரிக்கும் யாரும் தங்கள் வீடு இருக்கும் இடத்தைத்தான் முதலில் தேடுவார்கள். தாராளமாகத் தேடுங்கள். அப்புறம் கண்ணைத் தண்ணீர்ப் பக்கம் திருப்புங்கள். எங்கேயாவது ஒரு சாலை நேராக ஏரியை நோக்கி வந்து, கரையில் சட்டென்று நின்றிருக்கும். தண்ணீரில் போய் முடிவதற்கென்று யாரும் சாலை போடுவதில்லை. அப்படியானால் அது எங்கே போய்க்கொண்டிருந்தது? இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போவோம்.

படி 1: ஒரே இடத்துக்கு மூன்று ஷீட்

ஒரு ஷீட் ஒரு நாளின் காட்சியை மட்டும்தான் காட்டும். இரண்டாவது ஷீட்டைப் பக்கத்தில் வைத்த பிறகுதான் வரலாறு தொடங்குகிறது. ஆகவே ஒரே பகுதிக்கு, முடிந்தவரை இருபது முப்பது ஆண்டு இடைவெளியில், குறைந்தது மூன்று ஷீட்டாவது சேருங்கள்.

அமெரிக்க ஏரி என்றால் வேலை சுலபம். அந்நாட்டின் புவியியல் ஆய்வு நிறுவனமான யு.எஸ்.ஜி.எஸ். 1884 முதல் அச்சிட்ட பழைய ஷீட்டுகளை ‘டோப்போவியூ’ என்ற தளத்தில் இலவசமாகவே தருகிறது. பிரிட்டன் என்றால் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளத்துக்குப் போங்கள். பழைய படமும் இன்றைய செயற்கைக்கோள் படமும் அருகருகே திறக்கும். இந்தியாவில் டோப்போ ஷீட் தயாரிக்கும் பணி 1767இல் தொடங்கப்பட்ட சர்வே ஆஃப் இந்தியாவுடையது. அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு இந்தியப் பகுதிகளுக்கு 1:2,50,000 அளவையில் வெளியிட்ட படங்கள் டெக்சஸ் பல்கலைக்கழக நூலகத்தின் தளத்தில் கிடைக்கின்றன. ஆனால் அந்த அளவையில் ஊர் ஒரு புள்ளியாகத்தான் தெரியும்.

படி 2: படத்துக்கு முன்னால் ஓரத்தைப் படியுங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஷீட்டின் மூலையில் பெரிதாக இருக்கும் ஆண்டை வைத்துக்கொண்டு, ‘அந்த ஆண்டில் ஊர் இப்படி இருந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். ஓரத்தில் இருக்கும் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். அளந்த ஆண்டு, பதிப்பு ஆண்டு, திருத்திய ஆண்டு, மறுபடி அச்சடித்த ஆண்டு என்று நாலு ஆண்டுகள் தனித்தனியாக இருக்கலாம். தரைக்குச் சொந்தமானது அளந்த ஆண்டு மட்டுமே. அளவெடுப்புக்கும் அச்சுக்கும் நடுவே பல ஆண்டுகள் ஓடியிருக்கலாம்.

அமெரிக்க ஷீட்டுகளில் சில கட்டடங்களும் சாலைகளும் ஊதா நிறத்தில் இருக்கும். அவை பழைய பதிப்பின் மேல் வான்வழிப் படங்களைப் பார்த்துச் சேர்த்தவை. யாரும் நேரில் போய்ச் சரிபார்த்தவை அல்ல. வரலாறு தேடுபவருக்கு இந்த ஊதா ஒரு வரம். இரண்டு காலங்களை ஒரே தாளில் பிரித்துக் காட்டிவிடுகிறது.

படி 3: நிறமும் அளவையும்

பொதுவாக, கறுப்பு மனிதர் கட்டியது, நீலம் தண்ணீர், பழுப்பு சமவுயரக் கோடு (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு), பச்சை மரம் செடி. நெருக்கமான ஊர்ப்பகுதியை அமெரிக்க ஷீட்டுகளில் இளஞ்சிவப்பாகப் பூசியிருப்பார்கள். அங்கே பள்ளி, தேவாலயம் போன்ற முக்கியமான கட்டடங்களை மட்டும்தான் காட்டுவார்கள். அதனால் அந்தப் பகுதிக்குள் ஒரு வீட்டின் கறுப்புச் சதுரம் இல்லையென்றால், வீடே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

அளவையையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 1:62,500 ஷீட்டில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 625 மீட்டர். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு தரையில் சுமார் 31 மீட்டர் அகலத்தை மறைத்துவிடும். ‘கரை முப்பது மீட்டர் உள்வாங்கிவிட்டது’ என்று இந்த ஷீட்டை வைத்துச் சொன்னால், நீங்கள் அளப்பது பேனாவின் தடிமனைத்தான். 1:24,000 ஷீட்டில் அதே கோடு 12 மீட்டர். வீடு, படகுத்துறை அளவில் ஆராய அதுதான் ஏற்றது.

படி 4: கரைக்கோட்டை நம்பாதீர்கள்

ஏரிக்கரை ஊருக்கென்றே உள்ள சிக்கல் இது. மலை நகராது, பாறை நகராது, ஏரிக்கரை நகரும். அளந்தவர் மழைக்கு அப்புறம் வந்தாரா, கோடையில் வந்தாரா என்பதைப் பொறுத்து அதே ஏரி பெரிதாகவோ சிறிதாகவோ வரைபடத்தில் ஏறியிருக்கும். நீலக்கோடு விட்டு விட்டுப் போட்டிருந்தால் அது ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்காத நீர்நிலை.

ஏரியின் நடுவே ஒரு எண் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதைச் சொல்வது அது. மத்திய ஆசியாவில் உள்ள ஆரல் கடல் என்ற பேரேரியின் மட்டம் 1960 வாக்கில் சுமார் 53 மீட்டர். அதற்குப் பிறகு ஆறுகளின் நீர் பாசனத்துக்குத் திருப்பப்பட்டு ஏரி வற்றியதில், மீன்பிடித் துறைமுகமான முய்னாக் தண்ணீரை விட்டு வெகுதூரம் விலகிப்போனது. வெவ்வேறு ஆண்டுகளின் ஷீட்டுகளை வரிசையாக வைத்தால் ஊர் அங்கேயே இருக்கும், நீலம் மட்டும் விலகிக்கொண்டே போகும்.

இதற்கு நேர்மாறானது செயின்ட் தாமஸ். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 1865இல் உருவான அந்தச் சிற்றூர், ஹூவர் அணையால் தேங்கிய மீட் ஏரி உயர உயர, 1938இல் தண்ணீருக்குள் போனது. பின்னாளில் ஏரி வற்றியபோது அதன் அடித்தளங்கள் மறுபடி வெளியே வந்தன. இப்படி அணை கட்டித் தேக்கிய ஏரி என்றால், உங்களுக்கு வேண்டிய முதல் ஷீட் அணைக்கு முந்தையது. அதில் ஏரியே இருக்காது. ஒரு பள்ளத்தாக்கும் ஆறும்தான் இருக்கும்.

அணைக்கு முந்தைய ஷீட் கிடைக்கவில்லையா? பின்னால் வந்த ஷீட்டிலேயே ஒரு தடயம் இருக்கிறது. சமவுயரக் கோடு ஓடையைக் கடக்கும் இடத்தில் ‘வி’ வடிவத்தில் வளையும்; அதன் கூர்முனை ஓடை இறங்கி வரும் மேட்டுப் பக்கத்தைக் காட்டும். ஏரியின் ஒவ்வொரு ஒடுங்கிய முனையிலும் இந்த வளைவுகளைத் தேடிப் பென்சிலால் புள்ளி வையுங்கள். அங்கே இறங்கும் பள்ளங்கள் தண்ணீருக்கடியில் எந்தப் பக்கம் ஓடிச் சேர்ந்திருக்கும் என்று மெல்லிய கோடாக நீட்டுங்கள். மூழ்கிப்போன ஆற்றின் போக்கு ஓரளவு பிடிபட்டுவிடும். பழைய ஊர்களும் பாலங்களும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் இருந்திருக்கும்.

படி 5: ஒன்றின் மேல் ஒன்று

கூகுள் எர்த் ப்ரோவில் பழைய ஷீட்டை இன்றைய படத்தின் மேல் போட்டு, ஒளிபுகும் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். டோப்போவியூ தரும் கேஎம்இசட் கோப்பைத் திறந்தாலே அது தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். வெறும் ஸ்கேன் படம்தான் இருக்கிறதென்றால் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில், படத்தை அதன் சரியான இடத்தில் பொருத்தும் ‘ஜியோரெஃபரென்சர்’ என்ற கருவி இருக்கிறது. இரண்டு படத்திலும் உள்ள ஒரே இடத்தைச் சொடுக்கிக்கொண்டே போக வேண்டியதுதான். நான்கு மூலைக்கும் பரவலாக ஆறேழு புள்ளி போதும்.

எதைப் புள்ளியாக எடுப்பது? ரயில்பாதையைச் சாலை கடக்கும் இடம், பழைய கோபுரம், பாலத்தின் முனை, மலையுச்சியில் முக்கோணம் போட்டுக் காட்டிய அளவைக்கல். கரையோரத்தில் ஒரு புள்ளிகூட வேண்டாம். நகரும் ஒன்றை ஆணியாக அடித்தால் படம் முழுவதும் கோணலாகும். எல்லாமே ஒரே திசையில் ஒரே அளவு தள்ளித் தெரிந்தால் பதற வேண்டாம். பழைய படமும் புதிய படமும் வெவ்வேறு ஆயத்தொலை அடிப்படையில், அதாவது அட்சரேகை தீர்க்கரேகையைக் கணக்கிடும் வெவ்வேறு முறைகளில், வரையப்பட்டிருக்கும்.

படி 6: மூன்று பட்டியல்

இப்போது நோட்டில் மூன்று பட்டியல் போடுங்கள்: புதிதாக வந்தவை, காணாமல் போனவை, பெயர் மாறியவை. ஆண்டை ‘1912க்கும் 1938க்கும் நடுவில்’ என்கிற மாதிரி இரண்டு ஷீட்டுக்கு இடைப்பட்டதாகவே எழுதுங்கள். வரைபடம் அதைத் தாண்டித் துல்லியமாக எதையும் சொல்வதில்லை.

சரி, நம் சாலைக்கு வருவோம். எதிர்க்கரையில் அதே நேர்கோட்டில் ஒரு சாலை மறுபடி தொடங்குகிறதா? சாலையின் இரு முனைகளுக்கும் நடுவே ஏரி மிகக் குறுகலாக இருந்தால் தோணித்துறை என்று சந்தேகிக்கலாம். ஏரி அகலமாக, அணையால் வந்ததாக இருந்தால், சாலை தண்ணீருக்கடியில் தொடர்ந்து போகக்கூடும். நீங்கள் வரைந்த ஆற்றுக்கோட்டை அது கடக்கும் இடத்தில் ஒரு பாலம் இருந்ததா என்று பழைய ஷீட்டில் தேடுங்கள். எதிர்க்கரையில் ஒன்றுமே இல்லையென்றால், சாலை முடியும் இடத்தில் ஆலையோ சரக்குத்துறையோ இருந்ததா என்று பாருங்கள். தனியாக நிற்கும் ஒரு கறுப்புச் சதுரம் போதும்.

இவை எல்லாம் இன்னும் ஊகம்தான். நிலப் பதிவேடு, பழைய செய்தித்தாள், வான்வழிப் படம் என ஏதாவது ஒன்றிலாவது இன்னொரு சாட்சி கிடைத்த பிறகே உறுதியாக எழுதுங்கள்.

படி 7: தாளோடு போங்கள்

ஷீட்டைப் பெரிதாக அச்செடுத்து, ஊரில் நெடுநாள் வாழ்ந்த ஒருவர் முன் விரியுங்கள். ‘இங்கே தோணித்துறை இருந்ததா?’ என்று கேட்டால், ‘ஆமாம்’ என்ற பதில் எளிதாக வந்துவிடும், அதற்கு மதிப்பில்லை. ‘இந்தச் சாலையில் நீங்கள் போயிருக்கிறீர்களா?’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் விரல் தாளின் மேல் நகரும். சில இடங்களில் நிற்கும். வரைபடத்தில் இல்லாத ஒரு பெயரைச் சொல்வார். அந்தப் பெயரை, சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதோடு, விரல் நின்ற இடத்திலேயே பென்சிலால் எழுதுங்கள்.