லினக்ஸில் பாட்டுப் பதிவு: எந்த மென்பொருளை எடுப்பது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் மாடி அறைதான் ஸ்டுடியோ. உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப், ஒரு மைக், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஒரு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், அவ்வளவுதான். முதல் நாள் எல்எம்எம்எஸ் (LMMS) என்ற இசை மென்பொருளை நிறுவி, ரெக்கார்ட் பட்டன் எங்கே எங்கே என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். பாடத் தயாராக உட்கார்ந்திருந்த அக்கா மகள் ஒன்பது மணிக்குத் தூங்கிப்போனாள். அதன் 1.2 பதிப்பில் மைக் வழியே குரலைப் பதியும் வசதியே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. கணினிக்குள்ளேயே தாளமும் மெட்டும் கோக்க அது நல்ல கருவி. நமக்கு வேண்டியது அது இல்லை.

படி 1: வேலையை முடிவு செய்யுங்கள்

ஒரே மூச்சில் பாடி முடிக்கப் போகிறீர்களா? அல்லது முதலில் சுருதி, அதன் மேல் குரல், அதன் மேல் மிருதங்கம் என்று அடுக்கப் போகிறீர்களா? முதலாவது என்றால் ஆடாசிட்டி (Audacity) என்ற மென்பொருள் போதும். திறந்து, சிவப்பு பட்டனை அழுத்திப் பாட வேண்டியதுதான். அடுக்கப் போகிறீர்கள் என்றால் ஆர்டர் (Ardour) என்ற மென்பொருள். (பெயரைச் சொன்னால் வீட்டில் பிரியாணியா என்று கேட்பார்கள்.) ஆடாசிட்டியிலும் அடுக்கலாம், ஆனால் நாலைந்து டிராக் (தனித்தனி ஒலி அடுக்கு) தாண்டினால் ஆர்டரில்தான் கை ஓடும்.

ரீப்பரும் லினக்ஸில் நன்றாக ஓடும். 60 நாள் இலவசம், பிறகு உரிமம் வாங்க வேண்டும். கற்றுக்கொள்ளும்போதே அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கட்சி.

படி 2: நிறுவுங்கள்

ஆர்டரின் சொந்தத் தளத்தில் அப்படியே நிறுவி ஓட்டக்கூடிய பதிப்புக்குப் பணம் கேட்பார்கள். உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்தில் அதுவே இலவசமாக இருக்கிறது. கொஞ்சம் பழைய பதிப்பாக இருக்கலாம், பரவாயில்லை.

படி 3: தாமதத்தைச் சரிசெய்யுங்கள்

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஹெட்போனில் தன் குரலே சற்றுப் பிந்தி வந்தால் யாருக்கும் தாளம் நிற்காது. ஆர்டரில் புது செஷன் தொடங்கும்போது வரும் ஆடியோ அமைப்பில் ஆல்சாவையும் (ALSA, லினக்ஸில் ஒலிக் கருவிகளை இயக்கும் பகுதி) உங்கள் இன்டர்ஃபேஸையும் தேர்ந்தெடுங்கள். சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது) 48,000, பஃபர் (அந்த அளவுகளில் எத்தனையைச் சேர்த்து ஒரே தடவையில் கையாள்வது) 256. கணக்கு எளிது: 256-ஐ 48,000-ஆல் வகுத்தால் சுமார் 5 மில்லிசெகண்ட். 1024 என்று வைத்தால் 21. குரல் உள்ளே போகவும் வெளியே வரவும் இரண்டு முறை இந்தத் தாமதம் சேரும். பஃபரை மிகவும் குறைத்தாலும் வம்புதான்; பழைய லேப்டாப் திணறி ‘பட் பட்’ என்று வெடிக்கும். அப்போது 512-க்கு ஏற்றிவிடுங்கள்.

இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பட்டன் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. குரல் கணினிக்குள் போய்த் திரும்பாமல் நேராகவே ஹெட்போனுக்கு வந்துவிடும். அதைப் போட்டால் ஆர்டருக்குள் குரலைத் திருப்பிக் கேட்கவைக்கும் மானிட்டரை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குரல் இரட்டையாகக் கேட்கும்.

ஆல்சா வழியே போனால் இன்டர்ஃபேஸை ஆர்டர் தனக்கென்றே பிடித்துக்கொள்ளும். பிரௌசரில் ஓடும் பாட்டு அதில் கேட்காது. பழுது ஒன்றுமில்லை.

படி 4: ஒரு வரி பாடிப் பாருங்கள்

டிராக் மெனுவில் ஒரு ஆடியோ டிராக் சேருங்கள். டிராக்கில் உள்ள சிவப்பு வட்டம், பிறகு மேலே உள்ள பெரிய சிவப்பு வட்டம், அப்புறம் ஸ்பேஸ் பார். மெதுவாக ஆரம்பிக்கும் பாட்டிலும் மேல் ஸ்தாயியைப் பாடிப் பார்த்துத்தான் அளவு வைக்க வேண்டும். அப்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் சரி. இன்டர்ஃபேஸிலேயே சிவப்பு விளக்கு எரிந்து உடைந்த குரலை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

ஃபேனை மறந்துவிடாதீர்கள். சித்திரை மாதத்து வெயிலில் அதை அணைத்துவிட்டு நாலு நிமிடம் பாடுவது தண்டனைதான். எங்கள் வீட்டில் விடியற்காலை ஐந்தரைக்குப் பதிகிறோம், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிப்பதற்கு முன்.