ஆற்று நடுவே மூன்று மாநில எல்லை: தேடிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் மூன்று மாநிலங்கள் சந்திக்கும் புள்ளிகளைத் தேடிப் போய்ப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். சமவெளியில் என்றால் பெரும்பாலும் கல் நட்டிருப்பார்கள், சிரமம் இல்லை. மிசௌரி, மிசிசிப்பி மாதிரி தடம் மாறும் ஆறுகளில்தான் ஏமாந்துபோகிறோம்.

முக்கியமான தவறு, இன்று ஆறு ஓடுகிற இடம்தான் எல்லை என்று நம்பிப் போவது. ஆறு கரையைச் சிறுகச் சிறுக அரித்து நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும். ஒரே வெள்ளத்தில் வளைவை அறுத்துக்கொண்டு புது வழியில் பாய்ந்துவிட்டால் எல்லை பழைய தடத்திலேயே நின்றுவிடும். பொதுவான சட்ட விதி இதுதான். 1877இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகர் அருகே மிசௌரி ஆறு இப்படிப் பாய்ந்ததில் அயோவாவின் ஒரு துண்டு நெப்ராஸ்கா பக்கம் ஒதுங்கியது. அது அயோவாவுக்கே சொந்தம் என்று 1892இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கார்ட்டர் லேக் என்ற அந்த ஊர் வழியாகத்தான் இன்றும் ஒமாஹா விமான நிலையத்திலிருந்து நகருக்குள் போகும் வழக்கமான சாலை போகிறது.

அயோவா, நெப்ராஸ்கா, மிசௌரி ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கும் புள்ளிக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். சற்றுத் தெற்கே மெக்கிசிக் தீவு இருக்கிறது. 1867இல் ஆறு குறுக்கே வெட்டியதில் கிழக்குக் கரையோடு ஒட்டிக்கொண்ட வயல்வெளி அது. ஆனாலும் நெப்ராஸ்காதான், காரில் போக மிசௌரிக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும். அயோவாவும் நெப்ராஸ்காவும் 1943இல் தனி ஒப்பந்தமே போட்டு, ஆறு ஓடுவதற்கென்று பொறியாளர்கள் திட்டமிட்ட தடத்தின் நடுவை எல்லையாக்கிக்கொண்டன. ஆகவே தீர்ப்பையும் ஒப்பந்தத்தையும் முதலில் படியுங்கள், வரைபடத்தை அப்புறம் திறக்கலாம். கைப்பேசி வரைபடத்தில் தெரியும் கோடு தோராயமானது. அதை நம்பிப் புள்ளியை மிதித்துவிட்டதாகச் சொல்லக் கூடாது.

கரையில் நிற்கும் அடையாளத்தையே புள்ளி என்று எடுத்துக்கொள்வதும் தவறு. கான்சஸ், நெப்ராஸ்கா எல்லையில் 1855இல் நட்ட இரும்புத் தூண் மேட்டில் நிற்கிறது. மிசௌரி மாநிலமும் வந்து சேரும் இடம் அதற்குக் கிழக்கே, ஆற்றுக்குள்.

கரையோர நிலம் பெரும்பாலும் தனியார் வயல். கதவைத் தட்டிக் கேட்டால் பலர் விடுவார்கள், கேட்காமல் வேலி தாண்டுவது அத்துமீறல். நவம்பர், டிசம்பரில் மான் வேட்டை நடக்கும், ஆரஞ்சு மேல்சட்டை இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

தனியாகப் படகில் இறங்கவே இறங்காதீர்கள். மிசௌரி ஆற்றில் கரையிலிருந்து ஆற்றுக்குள் நீளும் பாறைத் தடுப்புகள் நீர் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது, ஓட்டமோ பலமானது. குளிர்காலத்தில் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள கேவின்ஸ் பாயின்ட் அணையிலிருந்து விடும் நீர் குறைவதால் மணல்திட்டுகள் வெளியே தெரியும், ஆனால் விளிம்பில் சேறு காலை விடாது. 2019 மார்ச்சில் வெள்ளக்கரைகள் உடைந்து அயோவாவின் ஹாம்பர்க் ஊரில் பெரும்பகுதி மூழ்கியது. அதற்கு முன் எழுதிய வழிக்குறிப்புகளை அப்படியே பின்பற்றாதீர்கள்.

போய்வந்ததைப் பதிவு செய்யும்போது தேதியோடு நெப்ராஸ்கா சிட்டி அளவீட்டு நிலையம் அன்று காட்டிய நீர்மட்டத்தையும் எழுதுங்கள். நீங்கள் நின்ற திட்டு அடுத்து வருபவருக்கு வெளியே தெரியுமா என்பதை அதை வைத்துத்தான் அவர் கணிக்க முடியும்.