ரெமி ஜிராரை எந்தப் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

'இன்சென்டீஸ்' பார்த்திருப்பீர்கள். 'டியூன்' எடுத்த தெனி வில்நெவின் 2010 படம், ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது. அதன் முடிவைப் பற்றிப் பேசியவர்கள் ஏராளம். அதில் ஆரம்பத்திலேயே ஒரு நோட்டரி வருவார், ழான் லெபெல் என்று பெயர், இறந்துபோன தாயின் உயிலை அவளுடைய இரட்டைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுபவர். அவர்தான் ரெமி ஜிரார். கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம், வெளியே பலருக்கு 'அந்த நோட்டரி' மட்டும்தான். அரை நூற்றாண்டாக நடிக்கிற ஒருவரை எங்கிருந்து, எந்த வரிசையில், என்னென்ன ஏற்பாடுகளோடு பார்க்கலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, படப்பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே இறங்குகிற எண்ணத்தை விட்டுவிடுங்கள். கியூபெக்கின் மக்கள்தொகை இன்றைக்கும் 1 கோடியைத் தொடவில்லை. அவ்வளவு சின்னச் சந்தையில் சினிமாவை மட்டும் நம்பி ஒரு நடிகர் பிழைப்பு நடத்துவது கஷ்டம். மேடை, டிவி தொடர், சினிமா, டப்பிங், கோடைக்கால நாடகம் என்று எல்லாவற்றிலும் ஒரு கால் வைத்திருப்பார்கள். இந்த வருடம் பழைய பிரெஞ்சு நாடக ஆசிரியர் மோலியேரின் நாடகத்தில் நிற்பவர் அடுத்த வருடம் ஐஸ் ஹாக்கி காமெடியில் பனிச்சறுக்குக் காலணியோடு விழுந்து எழுவார், அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. ஆகவே பட்டியல் நீளமாகவும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமலும்தான் இருக்கும். ஏதாவது ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு போனால்தான் ஆளைப் புரிந்துகொள்ள முடியும். ஜிராருக்கு அந்த இழை இயக்குநர் தெனி ஆர்கான்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக: 1950இல் கியூபெக்கின் ஜோன்கியேரில் பிறந்தவர், சட்டம் படிக்கப் போய் அதை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்தவர், கியூபெக் நகர மேடையில் வளர்ந்தவர். சட்டத்தை விட்டவருக்கு உலகம் முழுக்கப் பெயர் வாங்கித் தந்தது ஒரு நோட்டரி வேடம் என்பது தனி வேடிக்கை.

படத்தைப் போடுவதற்கு முன் ஒலி அமைப்பைச் சரிபாருங்கள். ஆங்கில டப்பிங் இருந்தாலும் வேண்டாம், மூல பிரெஞ்சு ஒலியும் ஆங்கில சப்டைட்டிலும்தான். இவர் நடிப்பில் பாதி குரலில் இருக்கிறது. பேராசிரியர் வேடத்தில் ஒரு பிரெஞ்சு, மதுக்கடைக்காரர் வேடத்தில் இன்னொரு பிரெஞ்சு, நோட்டரிக்கு நிதானமான அலுவலகப் பிரெஞ்சு என்று தட்டு மாற்றிக்கொண்டே இருப்பார். மொழி தெரியாவிட்டாலும் நான்கு படம் பார்த்தால் காது பிடித்துவிடும், நெல்லைக்காரர் பேச்சையும் சென்னைக்காரர் பேச்சையும் பிரித்தறிய நமக்கு யாரும் பாடம் எடுக்கவில்லையே. 'இன்சென்டீஸ்' படத்துக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அதில் பிரெஞ்சும் அரபும் கலந்து வரும், சில பிரதிகளில் அரபுப் பகுதிக்கு மட்டும்தான் சப்டைட்டில் இருக்கும். இரண்டுக்கும் வருகிறதா என்று முதல் பத்து நிமிடத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, முதல் படம். 'இன்சென்டீஸ்' ஏற்கெனவே பார்த்திருந்தாலும் அந்த உயில் காட்சியை மட்டும் திரும்பப் போடுங்கள். தன்னை நிர்வாணமாக, சவப்பெட்டி இல்லாமல், முகம் மண்ணைப் பார்க்கக் கவிழ்த்துப் புதைக்க வேண்டும் என்கிறது உயில். அப்புறம் இரண்டு உறைகள், ஒன்று அப்பாவுக்கு, இன்னொன்று இருக்கிறான் என்றே தெரியாத அண்ணனுக்கு. முதல் தடவை பார்க்கும்போது நம் கண் பிள்ளைகள் மேல்தான் இருக்கும். இரண்டாம் தடவை வாசிப்பவரைப் பாருங்கள். இறந்தவள் அவருடைய அலுவலகத்தில் வேலை பார்த்தவள், அவருக்கு வேண்டியவள். துக்கம் உள்ளே இருக்கிறது, ஆனால் சட்ட ஆவணத்தை வாசிக்கிற குரல் மாறக்கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் அவர் நிற்கிற இடத்தைப் பார்த்துவிட்டால் போதும், மற்ற படங்களில் எதைத் தேட வேண்டும் என்பது பிடிபட்டுவிடும்.

அடுத்தது 1986க்குப் போங்கள். 'தி டிக்லைன் ஆஃப் தி அமெரிக்கன் எம்பயர்', ஆர்கான் எழுதி இயக்கியது, கான் திரைப்பட விழாவில் சர்வதேச விமர்சகர்கள் விருது வாங்கியது, ஆஸ்கர் பரிந்துரையும் உண்டு. கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. வரலாற்றுத் துறை ஆண்கள் ஏரிக்கரை வீட்டில் சமைத்துக்கொண்டே பெண்களைப் பற்றிப் பேசுகிறார்கள், பெண்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் ஆண்களைப் பற்றிப் பேசுகிறார்கள், இரவு எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்கிறார்கள். ஜிரார் இதில் ரெமி என்கிற பேராசிரியர், மனைவிக்குத் தெரியாமல் ஊரெல்லாம் உறவு வைத்திருக்கிற சிரிப்புக்காரர். பேச்சுப் படம், முதல் அரைமணி நேரம் பொறுமை வேண்டும், தூங்கி வழிகிற இரவில் போடாதீர்கள். ஆர்கானின் தம்பி கப்ரியேல் ஆர்கானும் இதில் நடித்திருக்கிறார். பட்டியலில் இரண்டு ஆர்கான் வருவதைப் பார்த்துப் பலர் ஒரே ஆள் என்று நினைத்துவிடுகிறார்கள்.

அடுத்து 1989 'ஜீசஸ் ஆஃப் மான்ட்ரியல்', கானில் நடுவர் குழுப் பரிசு பெற்றது. ஏசுவின் பாடுகளை நாடகமாகப் போட ஒருவன் நடிகர்களைத் தேடிச் சேர்க்கிறான். ஜிராரின் மார்ட்டினை அவன் கண்டுபிடிப்பது ஒரு டப்பிங் ஸ்டூடியோவில், ஆபாசப் படத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கும்போது. இன்னொரு நடிகர் வரவில்லை, அதனால் இவரே இரண்டு ஆண்களுக்கும் முனக வேண்டியிருக்கிறது. ஒரு மைக்கிலிருந்து அடுத்த மைக்குக்கு ஓடி முனகிவிட்டுத் திரும்ப ஓடி வருகிற அந்தக் காட்சி சிரிப்பாகத்தான் எடுக்கப்பட்டிருக்கிறது, ஆனால் மேடை நடிகரின் வயிற்றுப்பாட்டை அதைவிடச் சுருக்கமாகக் காட்டிய காட்சி வேறெதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஜிரார் அதில் தன் தொழிலையே கேலி செய்கிறார், அதே சமயம் மார்ட்டினைக் கேவலப்படுத்தவில்லை.

இதற்குப் பிறகுதான் 2003இன் 'தி பார்பேரியன் இன்வேஷன்ஸ்'. பலர் ஆஸ்கர் வாங்கிய படம் என்று நேரே இதில் குதிக்கிறார்கள், அப்படிச் செய்தால் பாதிப் படம்தான் கிடைக்கும். 1986இல் பார்த்த அதே ரெமி, அதே நண்பர்கள், அதே நடிகர்கள், 17 வருடம் கழித்து. ரெமிக்குப் புற்றுநோய். லண்டனில் பணம் கொழிக்கும் மகன் வந்து, நெரிசலான அரசு மருத்துவமனையில் லஞ்சம் கொடுத்துக் காலியான தளத்தில் அப்பாவுக்குத் தனி அறை ஏற்பாடு செய்கிறான். அந்த வசதிகளில் ஒன்றாக, பழைய மாணவர்களுக்குக் காசு கொடுத்து அப்பாவைப் பார்க்க வரவைக்கிறான். ரெமிக்கு அது தெரியாது. கல்லூரியில் இவர் போனதைக்கூடக் கண்டுகொள்ளாத பிள்ளைகள் கட்டிலருகே வந்து நின்றதும் அந்த முகம் மலர்கிறது பாருங்கள், நாம் உண்மை தெரிந்து உட்கார்ந்திருப்பதால் அந்த மலர்ச்சியைப் பார்ப்பதே சங்கடமாக இருக்கும். ஜிராருக்குக் கனடாவின் ஜீனி விருது இதற்குத்தான். படத்துக்கு ஆர்கான் கானில் திரைக்கதை விருதும், மரி-ஜோஸே க்ரோஸ் நடிகை விருதும் வாங்கினார்கள். சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கரை வென்ற முதல் கனடியப் படம் இதுதான்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. 2018இல் ஆர்கான் 'தி ஃபால் ஆஃப் தி அமெரிக்கன் எம்பயர்' என்று ஒரு படம் எடுத்தார். 'டிக்லைன்' என்று தேடினால் 'ஃபால்' வந்து நிற்கும், போஸ்டரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். இது தொடர்ச்சி இல்லை, வேறு கதை, கிடைத்த திருட்டுப் பணத்தை என்ன செய்வது என்பது பற்றியது. ஜிரார் இதில் சிறையிலிருந்து வெளியே வந்த பண விவகார நிபுணர். ஜாலியான வேடம், ஓய்வு நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்கான் படங்களோடு நிறுத்திவிட்டால் கியூபெக்காரர்கள் நேசிக்கிற ஜிராரை நீங்கள் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். 1997இல் வந்த 'லே பாய்ஸ்' என்கிற ஹாக்கி காமெடியைத் தேடிப் பிடியுங்கள். வார இறுதியில் ஹாக்கி ஆடுகிற சாதாரண ஆட்கள், அவர்களுக்குத் தலைவன் மாதிரி மதுக்கடைக்காரர் ஸ்டான். கடனில் மாட்டிக்கொண்டு கடையையே ஓர் ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டுகிற ஆள். உள்ளூர்த் திரையரங்குகளில் பெரிய வசூல், அடுத்தடுத்த பாகங்களும் டிவி தொடரும் வந்தன. முதல் பாகம் போதும், மற்றவற்றைப் பார்க்காவிட்டால் குடி முழுகாது.

டிவியில் 2004 முதல் 2006 வரை கனடாவின் பிரெஞ்சு மொழிப் பொது ஒளிபரப்பான ரேடியோ-கனடாவில் ஓடிய 'லே பூகோன்' முக்கியம். அரசாங்க உதவித்தொகையைச் சுரண்டி, ஓட்டை கண்டுபிடித்து வாழ்வதையே குலத்தொழிலாக வைத்திருக்கும் குடும்பம், அதன் அப்பா போல் பூகோனாக ஜிரார். அதற்கு முந்தைய வருடம்தான் மரணப் படுக்கையில் கிடக்கும் பேராசிரியராக ஊரை அழவைத்தார், உடனே பீர் பாட்டிலோடு சோபாவில் உட்கார்ந்து வாய்க்கு வந்ததைத் திட்டுகிறார். இரண்டையும் அடுத்தடுத்து பாருங்கள் என்று நான் வற்புறுத்துவேன். இதில்தான் சிக்கலும் இருக்கிறது: கொச்சைப் பேச்சு கெட்டியாக இருக்கும், பாடப்புத்தகப் பிரெஞ்சு படித்தவர்களே திணறுவார்கள். ரேடியோ-கனடாவின் 'டூ.டிவி' தளம் பெரும்பாலும் கனடாவுக்குள்தான் வேலை செய்யும், ஆங்கில சப்டைட்டிலையும் அங்கே எதிர்பார்க்க வேண்டாம். பழைய படங்களுக்கு 2008இல் தொடங்கிய 'எலெஃபான்' என்கிற திட்டம் உதவும், கியூபெக் படங்களைச் சுத்தம் செய்து டிஜிட்டலாக்கி வெளியிட்டார்கள். ஒரே படத்தில் இரண்டு பிரதி கிடைத்தால் அவர்கள் பெயர் போட்டதை எடுங்கள்.

முதுமைக் காலப் படங்களில் நான் மூன்றைச் சொல்வேன். 2019இன் 'அண்ட் தி பேர்ட்ஸ் ரெயின்டு டவுன்', காட்டுக்குள் ஒதுங்கி வாழும் கிழவர்களின் கதை, ஜிரார் அதில் குடித்துக் குடித்து உடம்பு போன பாடகர், அவரே பாடுகிறார். 2020இன் 'யூ வில் ரிமெம்பர் மி', நேற்று நடந்ததை மறந்து பல நூற்றாண்டு வரலாற்றை மட்டும் நினைவில் வைத்திருக்கும் பேராசிரியர். 2023இன் 'டெஸ்டமென்ட்', மறுபடியும் ஆர்கான், முதியோர் இல்லத்தில் இருக்கும் தனிக்கட்டை. கடைசிப் படம் கொஞ்சம் முணுமுணுக்கிற படம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் மேல் ஆர்கானுக்கு இருக்கிற எரிச்சல் தூக்கலாகத் தெரியும். ஆனால் 36 வயதில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர் 73 வயதில் வாயை மூடிக்கொண்டு நடிப்பதைப் பார்க்க அது ஒன்றுதான் வழி.

மேடையை எப்படிப் பார்ப்பது? பழைய நாடகங்களைத் திரும்பப் பார்க்க முடியாது, சுற்றி வளைத்துத்தான் நெருங்க வேண்டும். நாடகத்திலிருந்து படமானவற்றை எடுத்துக்கொள்வது ஒரு வழி. 'இன்சென்டீஸ்' வஜ்தி முவாவத்தின் நாடகம், 'யூ வில் ரிமெம்பர் மி' பிரான்சுவா ஆர்ஷாம்போவின் நாடகம். இரண்டாவதில் மேடையில் அந்தப் பேராசிரியராக நடித்தவர் கி நாடோன் என்கிற இன்னொரு பெரிய நடிகர். வசனம் படமாவதற்கு முன் மேடையில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே பாருங்கள், நீண்ட பேச்சுகளில் ஜிரார் எங்கே மூச்சு விடுகிறார் என்பது கண்ணில் படும்.

இன்னும் தோண்ட விருப்பம் இருந்தால் கியூபெக் தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் இணையத்தில் வைத்திருக்கிற பழைய நாளிதழ்களுக்குள் போங்கள், காசு வேண்டாம். 70களின் மேடைக்கு 'ல சொலேய்' என்கிற கியூபெக் நகர நாளிதழ், பிற்காலத்துக்கு மான்ட்ரியலின் 'ல ப்ரெஸ்', 'ல துவார்'. நடிகர் பெயரை மட்டும் போட்டால் ஜிரார் என்ற பெயரில் ஊர்ப்பட்ட ஆட்கள் வருவார்கள், அங்கே அது அவ்வளவு சாதாரணப் பெயர். கூடவே அரங்கத்தின் பெயரையும் போடுங்கள்: கியூபெக் நகரில் 'ல த்ரிதான்', மான்ட்ரியலில் 'தெயாத்ர் து நூவோ மோன்ட்', 'ரிதோ வேர்', 'துசெப்'. விருதுப் பட்டியலைச் சரிபார்க்கும்போதும் கவனம் வேண்டும். ஜீனி விருது 2013இலிருந்து கனடியன் ஸ்க்ரீன் விருதுகளுக்குள் போய்விட்டது, கியூபெக்கின் ஜுத்ரா விருது 2016இல் பெயர் மாறி இப்போது ஐரிஸ். டிவிக்கு ஜெமோ விருது தனி. பழைய பெயரில் ஒரு தடவை, புதிய பெயரில் ஒரு தடவை என்று இரண்டு முறை தேடினால்தான் முழுப் பட்டியலும் கைக்கு வரும்.