அல்சூரிலிருந்து ஜெர்மனிக்கு: முதல் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிப்பது எப்படி?

மியூனிக்கில் மகளுக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்ததும் பெங்களூரு அல்சூரில் இருக்கும் எங்கள் சித்தி முதலில் வறுத்து அரைத்தது பருப்புப்பொடி. பாஸ்போர்ட்டைத் தேடியது மூன்று வாரம் கழித்து. நீங்கள் இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

1. பாஸ்போர்ட்டைப் பாருங்கள். அது கடந்த பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். ஷெங்கன் பகுதியை, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளை, விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு பக்கங்களாவது காலியாக இருக்க வேண்டும்.

அடுத்து, பெயர். இனிஷியலோடு பிறந்த நமக்கு இதுதான் பெரிய தலைவலி. சித்தியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் முருகன், பெயர் செல்வி. வங்கிக் கணக்கில் எம். செல்வி. மகள் அனுப்பிய அழைப்புக் கடிதத்தில் செல்வி முருகேசன்! கடிதத்தைத் திருத்தி வாங்கினோம். காப்பீடு, விமான முன்பதிவு, படிவம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள்.

2. எந்த நாட்டிடம் கேட்பது? ஷெங்கன் பகுதியில் 29 நாடுகள், விசா ஒன்றுதான். அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமென்றால் முதலில் நுழையும் நாட்டிடம். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. பாஸ்போர்ட்டில் சேலம், வேலூர் முகவரி இருந்து, வசிப்பது பெங்களூரு என்றால், இங்கே வசிப்பதைக் காட்ட வாடகை ஒப்பந்தம் போன்ற சான்றைக் கையில் வைத்திருங்கள். ஜெர்மனிக்குப் பெங்களூரிலும் துணைத் தூதரகம் உண்டு, சென்னையிலும் உண்டு. எங்கே கொடுப்பது என்பதை விண்ணப்பிக்குமுன் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

3. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாளாவது முன்னால் கொடுத்தாக வேண்டும். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள், விண்ணப்பம் வாங்கும் விசா மையத்தில் நேரம் முன்பதிவு செய்வதை ஏப்ரல் வரை தள்ளிப்போடாதீர்கள்.

4. காகிதங்கள். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. விமானத்துக்கு முன்பதிவு போதும். விசா கைக்கு வருமுன் முழுப் பணம் கட்டி டிக்கெட் வாங்க வேண்டாம். வேலையில் இருப்பவர்களுக்குச் சம்பளச் சீட்டும் விடுப்புக் கடிதமும் தேவை.

வங்கிக் கணக்கைப் பற்றி ஒரு சொல். விண்ணப்பிக்கும் வாரத்தில் மைத்துனரிடம் இரண்டு லட்சம் கைமாற்று வாங்கிப் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. திடீரென்று முளைத்த அந்தத் தொகை முதலில் கண்ணில் படும். இருப்பதைக் காட்டுங்கள். செலவைப் பிள்ளைகள் ஏற்கிறார்கள் என்றால், அவர்கள் ஜெர்மனியில் தங்கள் ஊரின் வெளிநாட்டினர் அலுவலகத்தில் பொறுப்பேற்புப் பத்திரம் பெற்று அனுப்பலாம். அதன் மூலப்பிரதி உங்கள் கைக்கு வந்து சேர நாளாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

5. விசா மையத்தில் கைரேகை எடுப்பார்கள். அது 59 மாதம் வரை மறுபடி பயன்படும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இல்லை. ரூபாயில் கட்டலாம், மையத்தின் சேவைக் கட்டணம் தனி. அங்கே உட்கார்ந்திருப்பவர் காகிதங்களை வாங்குபவர்தான்; முடிவு தூதரகத்துடையது. பொதுவாக 15 நாள், சிக்கல் இருந்தால் 45 நாள் வரை ஆகலாம்.

6. பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் விசா ஒட்டுத்தாளை நிதானமாகப் படியுங்கள். சித்திக்குக் கிடைத்த விசாவில் தொடக்கத் தேதிக்கும் முடிவுத் தேதிக்கும் இடையே 75 நாள் இருந்தது. பேரனோடு 75 நாள் என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லியும் விட்டார். தங்கும் நாட்கள் என்ற கட்டத்தில் இருந்தது 60.