ஜிமிக்கி, சொப்பு, கொலு பொம்மை: சின்னப் பொருட்களைப் போர்ட்ரெயிட் மோடில் எடுப்பது எப்படி

சுடுமண் ஜிமிக்கி செய்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு விற்பவர்கள், நவராத்திரிக்குக் கொலு பொம்மைகளைப் படம் எடுத்து குடும்ப குரூப்பில் போடுகிறவர்கள், மரச் சொப்பு சேர்த்து வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது போர்ட்ரெயிட் மோடைத் தட்டிப் பார்த்திருப்பார்கள். பொருள் பளிச்சென்று நிற்க வேண்டும், பின்னால் இருக்கும் கேஸ் சிலிண்டரும் துணிக்கொடியும் மங்கிப் போக வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஆனால் கிட்டே கொண்டுபோனால் தள்ளிப் போகச் சொல்கிறது போன், தள்ளிப் போனால் ஜிமிக்கி பொடியாகத் தெரிகிறது, ஒருவழியாக எடுத்துப் பார்த்தால் காதில் மாட்டும் கொக்கியைக் காணோம். பின்னணியோடு சேர்ந்து அதுவும் கரைந்து போயிருக்கும்.

ஏன் இப்படி என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. போனின் லென்ஸ் குட்டி லென்ஸ், பெரிய கேமராவில் வருகிற அளவுக்கு மங்கல் அதில் தானாக வராது. அதனால் எது கிட்டே இருக்கிறது, எது தூரத்தில் இருக்கிறது என்று போன் ஊகித்து, தூரம் என்று அது நினைப்பதை எல்லாம் மென்பொருளால் மங்கலாக்குகிறது. 2016-இல் வந்த ஐபோன் 7 பிளஸ் இதற்கு இரண்டு கேமராக்களை வைத்துக்கொண்டது. ஒரு கண்ணை மூடி அப்புறம் மறு கண்ணை மூடினால் முன்னால் நீட்டிய கட்டைவிரல் இடம் மாறித் தெரியுமே, அதே கணக்குதான். மறு வருடம் கூகுள் பிக்ஸல் 2 ஒரே கேமராவை வைத்துக்கொண்டு, லென்ஸின் ஒரு பாதி வழியாக வரும் வெளிச்சத்தையும் மறு பாதி வழியாக வருவதையும் ஒப்பிட்டு அந்த ஊகத்தைச் செய்தது. 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆரின் பின் கேமரா ஒற்றைக் கேமரா, அது மனித உருவத்தை அடையாளம் கண்டால்தான் இந்த மோடில் வேலை செய்யும், ஜிமிக்கியைக் காட்டினால் ஆளே இல்லை என்று கையை விரித்துவிடும். உங்கள் போன் எந்த ரகம் என்று பார்க்க ஓர் அகல் விளக்கை வைத்து எடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

சரி, ஊகம்தான் என்றால் அந்த ஊகம் தப்பாமல் இருக்க நாம்தான் வழி செய்துகொடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம் பொருளுக்கும் பின்னணிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. சுவரை ஒட்டி வைத்த பொம்மையை எந்த விலை போனில் எடுத்தாலும் வெட்டி ஒட்டிய மாதிரிதான் வரும், ஏனென்றால் இரண்டுக்கும் தூரத்தில் வித்தியாசமே இல்லை. ஒரு ஸ்டூலை அறையின் நடுவுக்கு இழுத்துப் போட்டு, பின்னால் ஒன்றரை, இரண்டு மீட்டராவது காலியாக விடுங்கள். மேசையைவிட ஸ்டூல் மேல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நீளமான மேசையில் வைத்தால் பொருளுக்குப் பின்னாலும் பலகை நீண்டுகொண்டே போகும், அது எந்த இடத்தில் மங்க ஆரம்பிக்க வேண்டும் என்று போனுக்குக் குழப்பம் வந்து, பொருளின் அடியில் ஒரு கோடு போட்டதுபோல் மங்கல் திடீரென்று தொடங்கும். பார்த்தவுடனே பொய் என்று தெரிந்துவிடும்.

போனைப் பொருளின் மட்டத்துக்கு இறக்குங்கள், தரையில் உட்கார வேண்டியிருந்தால் உட்காருங்கள். மேலிருந்து நேராகக் கீழே பார்த்து எடுக்கும் படத்துக்கு இந்த மோட் வீண், பொருளும் அதற்கு அடியில் இருக்கும் துணியும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தானே.

அடுத்தது நாம் நிற்கும் தூரம். கிட்டே போகாதீர்கள். நிறையப் போன்களில் பொருளிலிருந்து அரை மீட்டர் போலத் தள்ளி நின்றால்தான் இந்த மோட் ஒழுங்காகப் பிடிக்கும், போர்ட்ரெயிட் மோடுக்குள்ளேயே 2 மடங்கு, 3 மடங்கு என்று பொத்தான் இருந்தால் அதைத் தட்டுங்கள். அப்படியும் பொருள் சின்னதாகத் தெரிந்தால் பரவாயில்லை, எடுத்துவிட்டு ஓரங்களை வெட்டுங்கள். 12 மெகாபிக்ஸல் படம் என்றால் சுமார் 4000-க்கு 3000 புள்ளிகள், நீளத்திலும் அகலத்திலும் பாதியை வெட்டி எறிந்தாலும் 2000-க்கு 1500 மிஞ்சும். இன்ஸ்டாகிராமில் வழக்கமாகப் போகும் அகலம் 1080 புள்ளிகள்தான். வெட்ட யோசிக்கவே வேண்டாம்.

இப்போது அந்தக் கொக்கிக்கு வருவோம், தொல்லை முழுக்க அங்கேதான். ஜிமிக்கியின் குடை கனமான பொருள், அதன் விளிம்பைப் போன் எளிதாகப் பிடித்துவிடும். மேலே இருக்கும் கம்பிக் கொக்கி நூல் மாதிரி மெல்லிசு, அது பொருளா பின்னணியா என்று போனால் தீர்மானிக்க முடியாது, பாதி தெரியும் பாதி போய்விடும். குடைக்குக் கீழே தொங்கும் மணிகளில் கதை நேர்மாறு: மணிக்கும் மணிக்கும் நடுவில் தெரியும் பின்னணி மங்காமல் அப்படியே கூர்மையாக நின்றுவிடும். கொக்கி போனை நோக்கி நீட்டிக்கொண்டிருக்காமல் குடையோடு ஒரே மட்டத்தில் வருமாறு பக்கவாட்டில் திருப்பித் தொங்கவிடுங்கள். பின்னால் கொக்கியின் நிறத்துக்கு எதிரான நிறம் இருக்கட்டும், செம்புக் கம்பிக்குக் கரும்பச்சைத் துணி நன்றாக இருக்கும். பின்னணியில் தோரணம், கட்டம், கோடு எதுவும் வேண்டாம். மணிகளுக்கு நடுவில் பூப்போட்ட புடவை கூர்மையாகத் தெரிந்தால் அசிங்கமாக இருக்கும், அதுவே வெறும் பச்சையாக இருந்தால் மங்கியதா இல்லையா என்று யாருக்கும் தெரியப் போவதில்லை.

கோரைப் பாயும் இதே வகை. ஒரே மாதிரிக் கோடுகள் வரிசையாக வரும்போது இந்தக் கேமராவில் தெரியும் கோடு அந்தக் கேமராவில் எது என்று போனுக்குப் பிடிபடாது, தூரக் கணக்கு தப்பிவிடும். கண்ணாடி வளையல், கண்ணாடிக் குப்பி இவற்றுக்கு இந்த மோடே வேண்டாம், பொருளின் ஊடாகப் பின்னணி தெரிவதைப் போன் எப்படித்தான் கணக்குப் போடும்? அம்பாசமுத்திரம் பக்கத்து மரச் சொப்புகளில் இருக்கிற மினுமினுப்பு வேறு விதத் தொல்லை, டியூப்லைட் ஒரு வெள்ளைக் கோடாக அதன் வயிற்றில் விழும். விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் கொண்டுபோய், எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டையை நிறுத்தினால் போதும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை என்றால் அது ஆடி ஓயும்வரை பொறுங்கள், இந்த மோடில் போன் ஒரே கணத்தில் வேலையை முடிப்பதில்லை, சட்டென்று பல படங்களை எடுத்துச் சேர்க்கும், அதற்குள் தலை அசைந்தால் விளிம்பு இரண்டாகத் தெரியும்.

சொப்புச் செட்டை மொத்தமாக எடுக்கிறீர்கள் என்றால் அடுப்பு, குடம், அம்மி எல்லாவற்றையும் போனுக்கு இணையாக ஒரே வரிசையில் வையுங்கள். முன்னும் பின்னுமாகப் பரப்பினால் குடம் தெளிவாக இருக்கும், அம்மி காணாமல் போகும்.

மங்கலின் அளவைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கறார். போன் தானாகக் கொடுக்கும் அளவு கிட்டத்தட்ட எப்போதும் அதிகம். 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ் முதல் எஃப்/1.4-இலிருந்து எஃப்/16 வரை நகர்த்தும் பட்டை இருக்கிறது, எண் கூடக் கூட மங்கல் குறையும். சாம்சங் போன்றவற்றில் வேறு அளவில் அதே பட்டை உண்டு. சின்னப் பொருளுக்கு எஃப்/5.6, எஃப்/8 பக்கம் வைத்துப் பாருங்கள். விளிம்பில் இருக்கும் தப்புகள் பாதிக்கு மேல் அமுங்கிவிடும், பின்னணியில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கிற அளவுக்குத் தெரிந்தால் படம் இயல்பாகவும் இருக்கும். ஸ்டுடியோ லைட், ஸ்டேஜ் லைட் என்று வரும் விளக்கு எஃபெக்ட்கள் முகத்துக்காகச் செய்தவை, ஜிமிக்கிக்கு ஏது முகம், விட்டுவிடுங்கள். ஆனால் கொலு பொம்மைக்கு முகம் இருக்கிறது, அங்கேதான் வம்பு. பியூட்டி மோட் ஆனில் இருந்தால் போன் அதை நிஜ முகம் என்று நம்பிக்கொண்டு மீனாட்சியம்மன் கன்னத்தை வழவழப்பாக்கி, புருவத்தில் தூரிகை இழுத்த தடத்தையும் அழித்துவிடும். முதலில் அதை அணையுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்று: இந்த மோடே இல்லாமலும் மங்கல் வரும். சாதாரண போட்டோ மோடில் 1 மடங்கிலேயே வைத்து, ஃபோகஸ் பிடிக்கிற வரைக்கும் கிட்டே போய் (புதுப் போன்கள் பலவற்றில் 15, 20 சென்டிமீட்டர் போல வரும்) பொருளைத் தொட்டு ஃபோகஸ் செய்து எடுங்கள், பின்னணியும் தள்ளி இருந்தால் லென்ஸே அதை மங்கலாக்கிவிடும். இது ஊகம் இல்லை, நிஜ மங்கல், கொக்கி எங்கேயும் போகாது. மேக்ரோ வசதி உள்ள போன்கள் கிட்டே போகும்போது சொல்லாமல் கொள்ளாமல் வேறு லென்ஸுக்குத் தாவும், படம் சட்டென்று குதித்தால் அதுதான், மேக்ரோவை அணைத்துவிடுங்கள். மோதிரம், மூக்குத்தி மாதிரி ரொம்பப் பொடியானவற்றுக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன். போர்ட்ரெயிட் மோட் உள்ளங்கை அளவுப் பொருட்களுக்குத்தான் சரி.

விற்பதற்காக எடுப்பவர்கள் மங்கல் இல்லாத படம் ஒன்றையும், உள்ளங்கையில் வைத்து எடுத்த படம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். பின்னணி கரைந்த படத்தில் ஜிமிக்கி எவ்வளவு பெரிசு என்று யாருக்கும் தெரியாது, கைக்கு வந்ததும் இவ்வளவு குட்டியா என்று கேட்பார்கள். மங்கலைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் அனுப்புவதற்கு முன்பே உங்கள் போனின் கேலரியில் முடித்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் போட்டோவாக அனுப்பும்போது அந்தத் தூரக் கணக்கு கூடப் போகாது, அதனால் அந்தப் பக்கம் இருப்பவரால் பட்டையை நகர்த்த முடியாது.