மஞ்சப்பையிலிருந்து ஆரம்பியுங்கள்

மூன்று வருஷத்துக்கு முந்தைய தீபாவளி மதியம். எல்லோரும் இலையில் உட்கார்ந்திருந்தோம். தம்பி கேட்டான், "பேங்க்ல மொத்தமா எவ்வளவு வெச்சிருக்கீங்கப்பா?" அப்பா பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

தம்பி கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்கு யார் எவ்வளவு போடுவது என்று தெரிய வேண்டியிருந்தது. ஆனால் எதிரில் அக்கா வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், தம்பி மனைவி சாம்பார் வாளியோடு நின்றாள். அப்பா அருப்புக்கோட்டையில் நாற்பது வருஷம் பலசரக்குக் கடை நடத்தியவர். மருமக்கள் முன்னால் கல்லாவைத் திறந்து காட்டு என்றால் எந்தக் கடைக்காரர் காட்டுவார்?

அதனால் அப்பா அம்மாவிடம் பண்டிகை நாளில் பணப் பேச்சு வேண்டாம். மருமகன், மருமகள் இருக்கும்போது வேண்டாம். வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டவே வேண்டாம். எங்கள் அப்பாவுக்கு நல்ல நேரம் காலை பதினொரு மணி. பேப்பர் படித்து, இரண்டாவது காபியும் முடிந்திருக்கும். உங்கள் வீட்டு ராகுகாலம் உங்களுக்குத்தான் தெரியும்.

பிள்ளைகள் முதலில் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டு அப்புறம் பெற்றோரிடம் போகச் சொல்வார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. நீங்கள் தனியாகக் கூடியது எப்படியும் அவர்கள் காதுக்குப் போய்விடும். பாகம் பிரிக்க உட்கார்ந்தார்கள் என்றுதான் நினைப்பார்கள். ஒருவர் மட்டும் போங்கள், கையில் ஒரு காகிதத்தோடு.

எனக்கு அந்தக் காகிதம் அம்மாவின் பீரோவில் இருந்த மஞ்சப்பையில் கிடைத்தது. டெபாசிட் ரசீது. "இது அடுத்த மாசம் முடியுதுப்பா, புதுப்பிக்கணும். நாமினின்னு பெரியப்பா பேரு இருக்கே?" என்றேன். பெரியப்பா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரசீதைப் பார்த்தார். "அட, அண்ணன் பேரா கிடக்கு" என்றார். அப்புறம் மதியச் சாப்பாடு வரை அவரே பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, எது எப்போது போட்டது என்று கதை சொன்னார். 'எவ்வளவு' என்ற வார்த்தையை நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

நாமினி என்றால் வாரிசு இல்லை. வங்கியிலிருந்து பணத்தை வாங்கி உரியவர்களிடம் சேர்க்க வேண்டியவர், அவ்வளவுதான். இதைக் கூடப்பிறந்தவர்களுக்கு அன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "அவ பேரைப் போட்டுக்கிட்டா" என்று ஒரு பேச்சு கிளம்பும். 2025 நவம்பரிலிருந்து ஒரு டெபாசிட்டுக்கு நான்கு நாமினி வரை, பங்கு விகிதத்தோடு போடலாம். அம்மாவையும் எங்கள் மூவரையும் சேர்த்தால் சரியாக நான்கு.

வீட்டுப் பேச்சுதான் நெருப்பு. "செட்டில்மென்ட் எழுதிட்டா பிரச்சினை முடிஞ்சிடும்" என்று உறவில் யாராவது சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். செட்டில்மென்ட் எழுதிப் பதிந்தால் வீடு அப்போதே கைமாறிவிடும். பார்த்துக்கொள்வோம் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, பிள்ளைகள் பார்த்துக்கொள்ளாவிட்டால், 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் கீழ் ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) போய் ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் எந்த அப்பா சந்தோஷமாக அந்தப் படி ஏறுவார்? நான் உயிலைப் பற்றித்தான் பேசினேன். "உயில் எழுதினா நீங்க இருக்கிற வரைக்கும் வீடு உங்களோடதுதான்ப்பா. மனசு மாறினா மாத்தி எழுதலாம்." முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுவது நல்லது. 'மாத்தி எழுதலாம்' என்றதும் அப்பா முகத்தில் ஒரு தெளிவு வந்தது. என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் மூவருக்குள் நடந்த சண்டை வேறு மாதிரி. தம்பி சிங்கப்பூரிலிருந்து மாதம் 15,000 ரூபாய் அனுப்புவான், கடமை முடிந்தது என்று நினைப்பான். அக்கா திருச்சியிலிருந்து போனில் யோசனை சொல்வாள். மதுரையில் இருக்கிற பாவத்துக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது நான். "நீங்க வர்றதே இல்ல" என்று ஒரு வருஷம் கத்திப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஆட்டோ, மாத்திரை, நான் போட்ட லீவு என எல்லாவற்றையும் தேதியோடு எழுதினேன். மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து இருவருக்கும் அனுப்பினேன். கூட ஒரு வரியும் எழுதவில்லை. மூன்றாவது மாதம் தம்பியே கூப்பிட்டான். "அக்கா, கரண்ட் பில், மாத்திரை ஆர்டர், இன்சூரன்ஸ் எல்லாம் நான் இங்கேர்ந்தே பாத்துக்கிறேன்." திருச்சி அக்கா மே மாதம் முழுக்க வந்து தங்குவதாகச் சொன்னாள். வந்தாள், இருபது நாள். சரி, அதுவே பெரிசு.

கடைசியாக அம்மா. அப்பாவிடம் பேசினால் அம்மாவிடமும் பேசியதாக ஆகாது. 2016 நவம்பரில் 500 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த மறுநாள் அரிசி டிரம்முக்குள்ளிருந்து ஒரு சுருக்குப்பை வெளியே வந்தது. உள்ளே இருபத்து மூன்று 500 ரூபாய் நோட்டுகள். அத்தனையும் சிறுவாடு. அப்பாவுக்குத் தெரியாமல் எப்படி மாற்றுவது என்பதுதான் அம்மாவின் ஒரே கவலை. நான் மாற்றிக் கொடுத்தேன். அம்மா பேரில் தனியாக ஒரு கணக்கும் ஆரம்பித்தோம். அந்தப் பாஸ்புக் மட்டும் மஞ்சப்பையில் கிடையாது, என் வீட்டில் இருக்கிறது.